காளான் போன வழி

காய்கறிகள் வைத்த இடத்திலேயே இருக்கும் என்றொரு நம்பிக்கை பொதுமக்களிடையே பரவலாக உண்டு. இது தவறு. இந்தத் தவறு எத்தனை தலைமுறையாக, எத்தனை சமையலறைகளில், ஒரு கண்டனமும் இல்லாமல் நிலவிவந்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் படித்தவர்கள் வெட்கப்பட வேண்டும். வெள்ளக்கரடு தினசரிச் சந்தையில், ஆவணி மாதம் முதல் திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, ஊதாவில் வெள்ளை வரி ஓடிய, காம்பில் முள்ளுள்ள, எல்லா வகையிலும் மரியாதைக்குரிய ஒரு கத்தரிக்காய் தன் சாக்கிலிருந்து இறங்கி, நடைபாதையைக் கடந்து, எதிர்வரிசைத் தக்காளிக் கூடையின் ஓரமாகப் போய்ச் சாய்ந்துகொண்டது. அன்றோடு அந்த ஊரில் மட்டுமாவது இந்த நம்பிக்கை ஒழிந்தது.

அதன் பின்னால் மற்றக் கத்தரிக்காய்களும் இறங்கின. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று தெரிந்த உறவினர்களைப் போல, அவசரமில்லாமல், ஒன்றை ஒன்று இடிக்காமல் அவை நகர்ந்தன. உருளைக்கிழங்கு மூட்டையின் வாயை அவிழ்த்ததும் அதுவும் அங்கேயே போனது, மிளகாய் போனது, பூசணியும் பாகலும் புடலும் பீர்க்கும் வெள்ளரியும் ஒரு மூலையில் கூடின, காரட் மளிகைக் கடைக்குள் நுழைந்து சீரக டின்னுக்கும் சோம்பு டின்னுக்கும் நடுவில் நின்றது, பீட்ரூட் கீரைக்கட்டுகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, வெண்டைக்காய் ஒரு காய்கறியையும் திரும்பிப் பார்க்காமல் சந்தையை விட்டே வெளியேறி, மாட்டுத்தீவனக் கடையின் பருத்திக்கொட்டை மூட்டைமேல் ஏறிக்கொண்டது. முட்டைக்கோஸும் முள்ளங்கியும் சேர்ந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் மத்தியானத்துக்குள் முருங்கைக்காயும் பப்பாளியும் அவற்றுக்குப் பக்கத்தில், ரொம்ப நெருங்காமல், தூரத்து உறவு காக்கும் இடைவெளியோடு வந்து நின்றன. இஞ்சியும் மஞ்சளும் வாழைத்தாரின் காலடியில் கிடந்தன. வாழையை மரம் என்று நினைப்பவர்களுக்கு இது புரியாது. அவர்களைத் திருத்த இங்கே இடமில்லை. அமராவதி அணையிலிருந்து உயிரோடு வந்த நண்டுகள் மீன்களைத் துறந்து, ஈ மொய்க்கும் வெல்லக் கடைக்குப் போய், ஈக்களோடு உட்கார்ந்தன.

முதல் மூன்று நாளும் சண்டைதான். "என்ற கத்தரிக்காய எடுத்து உன்ற கூடையில போட்டுக்கிட்டு நியாயம் பேசறயா?" என்றும், "நானா கூப்பிட்டேன்? உன்ற காய்க்கு உன்ற மூஞ்சி புடிக்கல, வந்திருச்சு" என்றும் காலையிலிருந்து மாலைவரை கேட்டது. கயிறு கட்டிப் பார்த்தார்கள். கொசுவலை போட்டு மூடிப் பார்த்தார்கள். காய்கள் வலையின் ஒரு பக்கமாகவே முட்டிக்கொண்டு நின்றதால், அந்தப் பக்கம் இருந்த காய் அடிபட்டு மத்தியானமே வாடியது. நான்காம் நாள் எல்லோருக்கும் அலுத்துப்போனது. அலுப்பு வந்த பிறகு எந்த அதிசயமும் ஒழுங்குக்கு வந்துவிடும். சந்தைச் சங்கம் கூடி, காய் எந்த வரிசைக்குப் போகிறதோ கடையும் அந்த வரிசைக்கே போக வேண்டும் என்று தீர்மானம் போட்டது; எது எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்ல, கலைக்கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஜெபசீலியை அழைத்து வந்தது.

ஜெபசீலி நாகர்கோவில்காரர், குடை இல்லாமல் வெயிலில் இறங்காதவர். அவர் சுண்ணாம்புப் பொடியால் சந்தைத் தரை முழுக்க ஒரு படம் போட்டார். ஒரே கோட்டில் தொடங்கி, இரண்டாகப் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு கடை. "இந்த ரெண்டு கோடு எங்க வந்து சேருதோ, அங்க இவங்களுக்கு ஒரே பாட்டி இருந்தா. கிட்ட சேர்ந்தா நெருங்கின சொந்தம், தள்ளிச் சேர்ந்தா தூரத்துச் சொந்தம். பேரு, நிறம், ருசி இதெல்லாம் கணக்குல வராது" என்றார். பதினோரு வருடமாகப் பேசிக்கொள்ளாத தக்காளிக்காரரும் மிளகாய்க்காரரும் இப்போது ஒரே நுனியில் முழங்கை இடிக்க உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர் டம்ளரில் மற்றவர் டீ குடித்தார். வாடிக்கையாளர்களுக்கும் பழகிவிட்டது. சாம்பாருக்கு வாங்கும் பெண்கள், வீட்டுக்குப் போவதற்குள் காய்கள் பையைக் கிழிக்கக் கூடாதென்று, காய்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பை கொண்டுவந்தார்கள்.

அடுத்தது மனிதர்கள்தான் என்று ஒரு பேச்சு எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் பலர், வெளியே சொல்லிக்கொள்ளாமல், சுத்தமாகக் குளித்துவிட்டுச் சந்தை வாசலில் வந்து நின்று, தங்கள் கால்கள் தங்களை யாரோடு கொண்டுபோய் நிறுத்தப் போகின்றன, யாரை விட்டு விலக்கப் போகின்றன என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வரை யாருடைய காலும் அசையவில்லை. "நாம எல்லாரும் ஒரே இனம். அதுக்கு மேல பிரிக்க அங்க ஒண்ணுமில்ல" என்றார் ஜெபசீலி. பெரும்பாலோர் சாப்பிடப் போனார்கள். நாலைந்து பேர் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கலோடு சாயந்தரம் வரை நின்றார்கள்.

இவ்வளவும் நடந்தபோது அசையாமல் இருந்தவை மயிலாத்தாளின் சிப்பிக்காளான்கள். மயிலாத்தாளுக்கு நாற்பத்தைந்து வயது. ஊருக்குத் தெற்கே தன் கொட்டகையில் வைக்கோல் படுக்கை தொங்கவிட்டுக் காளான் வளர்த்து, சந்தையின் நடுவரிசையில் ஆறடி இடத்தில் விற்பவள். வெள்ளக்கரட்டில் புரட்டாசி மாதம் முழுக்க யாரும் கறி தின்பதில்லை. கறிக்கொட்டகையை மாதப் பிறப்பன்றே சங்கம் பூட்டிவிடும். அந்த முப்பது நாளும் நாக்கு கேட்பதற்கு ஊர் காளானைத்தான் வாங்கும். அந்த முப்பது நாள்தான் மயிலாத்தாளின் வருஷம். இந்த ஆண்டு புரட்டாசிக்கென்று ஆடியிலேயே நாள் பார்த்து முந்நூற்று இருபது படுக்கை போட்டிருந்தாள். காலையில் பறித்த காளான் மறுநாள் காலைக்கு ஆகாது, பறிக்காமல் விட்டால் படுக்கையிலேயே விரிந்து கெடும். அதனிடம் போய் ஒரு மாதம் பொறு என்று சொல்ல முடியாது.

அந்தக் காளான்கள் ஆவணி பத்தாம் தேதி கிளம்பின. மெதுவாக, குடையை முன்னால் சாய்த்துக்கொண்டு, கத்தரி வரிசையைத் தாண்டி, கீரை வரிசையைத் தாண்டி, சந்தையின் மேற்குச் சுவரில் இருந்த இடைவெளி வழியாக நுழைந்து, பத்து மணிக்கு அன்வர்தீன் பாயின் கறிக்கொட்டகை வாசலை எட்டின.

வாசலில் கட்டியிருந்த ஆடுகள் இரண்டு மூன்றைத் தின்றுவிட்டன. உறவு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. மிச்சத்தை பாய் பொறுக்கி ஒரு கூடையில் போட்டு, இலை மூடி, மயிலாத்தாளிடம் கொண்டுவந்தார்.

"அக்கா, உங்க பிள்ளைங்க நம்ம வீட்டுக்கு வந்திருச்சுங்க."

"வழி தெரியாம வந்திருக்கும் பாய். நாளைக்கு வராது."

மறுநாளும் வந்தன. அதற்கடுத்த நாளும் வந்தன. தினமும் பத்து மணிக்கு பாய் தன் வாசலில் குனிந்து பொறுக்கி, தினமும் கூடையில் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, ஆனால் ஊரும் ஒரு நாளும் அதைப் பார்க்காமல் விடவில்லை.

ஜெபசீலியை மறுபடி அழைத்தார்கள். அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லத் தெரியாதவர்களின் அசட்டுத்தனத்தோடு, உண்மையைச் சொன்னார்: "காளான் செடியே கிடையாது. பச்சையம் இல்ல, வேர் இல்ல. கத்தரிக்காய விட ஆட்டுக்குத்தான் அது பக்கம். நமக்கும் அப்படித்தான்."

"நமக்குமா?" என்றார் சங்கத் தலைவர் வெங்கடுசாமி.

வெங்கடுசாமி அறுபது வயதில் நெற்றி நிறைய நாமம் போட்டவர். மாவு அரைத்து விற்பவர். அவருடைய இட்லி மாவில்தான் ஊர் விடிந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்துக்கு மாவு அவர் கடையில் அதிகாலையிலேயே வரிசையில் நின்று வாங்குவார்கள். கடை கறிக்கொட்டகையின் பின்சுவரை ஒட்டி, மேற்குத் தெருவைப் பார்த்து இருந்தது. இருபது வருடமாக அந்தச் சுவரைப் பற்றிப் புகார் சொல்லி, சுவரில் பெருமாள் படம் மாட்டி, சமாதானம் ஆகாமல் இருந்தவர். ஆவணி முதல் அவருக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருந்தது: புளித்த மாவு குண்டாவின் கிழக்குப் பக்கமாகவே பொங்கிச் சுவரடியில் வழிந்தது. தரை சரிந்துவிட்டது என்று சொல்லி அந்தப் பக்கம் குண்டாவுக்கு அடியில் ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார். அதற்கும் வழிந்தது. கொத்தனாருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"அப்புறமென்ன," என்றார் வெங்கடுசாமி. "தீர்மானம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். காளான் எங்க போகுதோ அங்க கடை. கறி வரிசை. புரட்டாசி ஒண்ணாந்தேதி கொட்டகைய பூட்டறப்ப இதையும் சேத்திப் பூட்டிடுவோம்."

"நான் என்னத்த விக்கறதுங்க?"

"ஐப்பசியில வில்லு அம்மிணி. யாரு வேண்டாங்கறா?"

மயிலாத்தாள் தராசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஐப்பசிக்கு என்ற காளான் இருக்காது. நானும் இருப்பனான்னு தெரியாது. இந்த எடத்த விட்டு நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

எழுந்திருக்கவில்லை. காளான்களை அட்டைப்பெட்டியில் போட்டு மூடினாள். அவை பெட்டியின் மேற்குப் பக்கத்தை முட்டிப் பிதுக்கின. ஒவ்வொன்றாக நூலில் கோத்துத் தோரணம்போல் தொங்கவிட்டாள். தோரணம் காற்றே இல்லாமல் மேற்கே சாய்ந்து நின்றது. ஆனால் காளானை நிறுத்துவதை விடப் பேச்சை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. பத்து வருட வாடிக்கையான பெருமாள் கோயில் தெரு அம்மாள் ஒருவர் அவள் கடைக்கு எதிரே வந்து, நின்று, மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

"அது ஆட்டுக்குப் பங்காளியாமா?"

"டீச்சரம்மா அப்படித்தான் சொல்லுதுங்க."

"பத்து வருஷமா சனிக்கிழமையும் அதுவுமா தின்னுருக்கறனே," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பீன்ஸ் வாங்கப் போனார்.

புரட்டாசிக்கு ஐந்து நாள் இருந்தபோது மயிலாத்தாள் கடையைப் பாதியில் மூடிவிட்டு ஜெபசீலியின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்துல காளான கொஞ்சம் கத்தரிக்காய் பக்கமா தள்ளிப் போட்டா என்னங்க? பொடிதான? வெளக்குமாத்துல ஒரு இழுப்பு."

"கோடு நான் போட்டதுதான். சொந்தம் நான் போட்டதில்லயே," என்றார் ஜெபசீலி. சொன்ன பிறகு அவருக்கே வருத்தமாக இருந்திருக்க வேண்டும். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நான் பொய் சொல்ல முடியாதும்மா. வேற என்ன வேணுமோ கேளுங்க."

மயிலாத்தாள் யோசித்தாள். "ஆட்டுக்குப் பக்கம்னு சொன்னீங்க. ஆடுதான் அதுக்கு ரொம்பப் பக்கமா? அத விடப் பக்கம் வேற யாரும் இல்லயா?"

ஜெபசீலி தோளிலிருந்த ஈரத்துணியை எடுத்து மடியில் வைத்தார். இருபத்திரண்டு வருடம் தாவரவியல் நடத்தியவர், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டதை அப்போதுதான் கண்டார். "ஆட்ட விடப் பக்கம் நெறைய இருக்கு. கத்தரியையும் ஆட்டையும் வச்சு, எது பக்கம்னு கேட்டாங்க, சொன்னேன். காளானோட வீடு எதுன்னு யாரும் கேக்கல. ஆனா அந்த மாதிரி வேற எதையும் நம்ம சந்தையில பாத்த ஞாபகம் இல்லயே."

"பாக்காம இருந்திருப்போம்," என்றாள் மயிலாத்தாள்.

அன்று மாலையே பாயிடம் போனாள். "நாளைக்குக் காலையில பொறுக்காதீங்க பாய்."

"ஆடு தின்னுருமேக்கா."

"ஆட்ட ஒரு நாள் வேற பக்கம் கட்டுங்க. இதுக எங்க போகுதுன்னு கடசி வரைக்கும் நான் பாக்கோணும். பத்து மணிக்கு வருது, நீங்க பொறுக்கிடறீங்க. பதினொரு மணிக்கு எங்க நிக்கும்னு நம்ம யாருக்காச்சும் தெரியுமா?"

பாய் தாடியைத் தடவினார். பதினைந்து நாளுக்கு மேலாக அவர் செய்த உபகாரம்தான் இவளுக்குப் பகையாக இருந்ததோ என்று அவருக்குத் தோன்றியது. ஆடுகளை அவிழ்த்துப் புளியமரத்தடியில் கட்டினார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மயிலாத்தாள் ஒரு கூடைக் காளானைத் தரையில் கொட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவற்றின் பின்னால் நடந்தாள். காளானின் வேகத்தில் நடப்பது எளிதல்ல என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு காலை எடுத்து வைத்தால் மறுகாலை எடுத்து வைக்க ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகும். கத்தரி வரிசையில் சிரித்தார்கள். "ஏனுங்க்கா, ஊர்கோலமா? மேளம் சொல்லலயா?" என்றார் மிளகாய்க்காரர். கீரை வரிசைக்கு வரும்போது பின்னால் இருபது பேர் சேர்ந்திருந்தார்கள். சுவர் இடைவெளியைத் தாண்டும்போது ஐம்பது பேர். வெங்கடுசாமியும் வந்தார், துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு. "ஆட்டுக்கிட்ட போயி நிக்கறத ஊரே கண்ணால பாக்கட்டும். அப்புறம் பேச்சு இருக்கப்படாது" என்றார். ஜெபசீலி குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நடந்தார்.

பத்து மணிக்குக் காளான்கள் பாயின் வாசலுக்கு வந்தன. புளியமரத்தடியிலிருந்து ஆடுகள் கத்தின.

காளான்கள் நிற்கவில்லை. ஆட்டைப் பார்க்கவும் இல்லை. வாசற்படியில் ஏறி, வெட்டுக்கட்டையைச் சுற்றி, தொங்கிய தோல்களுக்கு அடியில், பாயின் செருப்பைத் தாண்டி, கொட்டகையின் பின்சுவரை நோக்கி, வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தன.

"தலைவரே, இவங்க விருந்தாளிங்கதான்," என்றார் பாய். "நம்ம வீடு வழியில இருக்கு, அவ்வளவுதான்."

பின்சுவரின் அடியில் தண்ணீர் போக ஓர் ஓட்டை இருந்தது. காளான்கள் ஒன்றன்பின் ஒன்றாக, குடையை மடக்காத குறையாக, அதற்குள் நுழைந்தன. அந்த ஓட்டைக்கு அப்பால் யார் கடை இருக்கிறது என்பது ஐம்பது பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. எல்லோரும் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். அறுபது வயதில் வெங்கடுசாமி முதலில் போய்ச் சேர்ந்தார்.

மாவுக் கடையில் பெருமாள் படத்துக்குக் கீழே, ஓட்டையிலிருந்து முதல் காளான் வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் பின் இரண்டாவது. மூன்றாவது. அவை குண்டாவைச் சுற்றி வட்டமாக நின்றன. குண்டாவில் மாவு ஒரு முறை பெருமூச்சு விட்டது. பிறகு முட்டுக் கொடுத்த கருங்கல்லையும் மீறி, கிழக்கு விளிம்பில் ஏறி, வெள்ளையாக, நுரையோடு, நிதானமாக இறங்கிவந்து, காளான்களைத் தொட்டு நின்றது.

ஜெபசீலி குடையை மடக்கினார்.

"ஈஸ்ட்," என்றார். "மாவு புளிக்கறதுல அதுக்கும் ஒரு பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனா காளானுக்கு அதுதான் சொந்த வீடு. ரெண்டும் செடியும் இல்ல, ஆடும் இல்ல. அது தனி வரிசை. நான் போட்ட படத்துல அந்த வரிசையையே விட்டுட்டேன், என் தப்புதான்."

மயிலாத்தாள் முழங்கால் வலிக்க மெதுவாக நிமிர்ந்தாள். "ஏனுங்க தலைவரே, நீங்க எப்போ கறிக்கொட்டகைக்கு மாறறீங்க? ஒண்ணாந்தேதி பூட்டறதுக்குள்ள சாமான எடுத்து வச்சுக்கோங்க."

"இட்லி எப்படி அம்மிணி கறியாகும்?" என்றார் வெங்கடுசாமி. தெருவில் நின்ற ஐம்பது பேரும் அன்று காலை என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தார்கள். பெருமாள் கோயில் தெரு அம்மாள் மறுபடி மூக்கைத் தொட்டுக்கொண்டார், இம்முறை இட்லியை நினைத்து.

"ஆகாதுங்க. அதத்தான் நானும் சொல்றேன்."

"வேணும்னா வாங்க தலைவரே," என்றார் பாய். "தாராளமா எடமிருக்கு. அந்தப் பெருமாள் படத்த மாத்திரம் நீங்களே சொமந்துட்டு வரோணும்."

சங்கம் அங்கேயே, தெருவில் நின்றபடியே கூடியது. காளானைக் கறி என்றால் மாவைக் கறி என்று சொல்ல வேண்டும். மாவைக் கறி என்று சொன்னால் விரதத்தன்று காலையில் என்ன தின்பது என்று சொல்ல வேண்டும். காய் வரிசைக்கும் கறி வரிசைக்கும் நடுவில், இதுவரை யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் சைக்கிள் நிறுத்தப் பயன்பட்ட பத்தடி அகல இடத்தை மூன்றாவது வரிசையாக அறிவித்தார்கள். அந்த வரிசை புரட்டாசியிலும் திறந்திருக்கும் என்று எழுதினார்கள். கையெழுத்துப் போடும்போது வெங்கடுசாமியின் கையில் மாவு ஒட்டியிருந்தது. ஜெபசீலி மறுநாள் வந்து சுண்ணாம்புப் பொடியில் ஒரு கோட்டைச் சேர்த்தார். பேக்கரிக்காரர் தன் பன்கள் ஒரு மாதமாக ஏன் அலமாரிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் புரிந்து, தானும் ஒரு மேசை போட்டுக்கொண்டார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை மயிலாத்தாளின் காளான் ஒன்பதரை மணிக்குள் தீர்ந்தது. ஒன்றுகூட இடத்தை விட்டு அசையவில்லை. பக்கத்தில் புதிதாகப் போட்ட கடையில் வெங்கடுசாமியின் மாவு குண்டாவின் வாய் வரை வந்து, எந்தப் பக்கமும் சாயாமல், சமமாக நின்றது. அவர் கூடவே கொண்டுவந்திருந்த கருங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். கூட்டம் குறைந்த பிறகு மயிலாத்தாள் அதை வாங்கி, பொட்டலம் கட்டும் காகிதம் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்துக்கொண்டாள்.